பெருமூலக்கூறுகளைப் படிப்பது எப்படி: அணுவிலிருந்து வடிவம் வரை ஒரு முழு வழிகாட்டி

கார்போஹைட்ரேட், கொழுப்பு, புரதம், நியூக்ளிக் அமிலம் என்று நான்கு பெட்டி போட்டு, பெட்டிக்கு இருபது பெயரை உருப்போட்டால் தேர்வில் தேறிவிடலாம். ஆனால் முன்பின் பார்க்காத ஒரு மூலக்கூறின் படத்தை நீட்டி, "இது நீரில் கரையுமா? எங்கே மடங்கும்? எதைப் பிடித்துக்கொள்ளும்?" என்று யாராவது கேட்டால் அந்த உருப்போட்டதெல்லாம் கைகொடுக்காது. படத்தைப் பார்த்ததும் வரிசையாகச் சில கேள்விகளைக் கேட்கத் தெரிய வேண்டும். அந்த வரிசையைச் சொல்லித்தருவதுதான் இந்த வழிகாட்டி.

நான்கு வகையையும் தனித்தனியாக நடத்தப் போவதில்லை. எந்தப் படியை எந்த மூலக்கூறு நன்றாகக் காட்டுகிறதோ, அதை அங்கே எடுத்துக்கொள்கிறேன். கையில் ஒரு பென்சிலும் தாளும் இருக்கட்டும். வரைந்து பார்க்காமல் இதைப் படிப்பதில் பெரிய பயன் இல்லை.

படி 1: ஆற்றல் அளவுகளை மனதில் நிறுத்துங்கள்

கார்பனுக்கு நான்கு பிணைப்பு, நைட்ரஜனுக்கு மூன்று, ஆக்சிஜனுக்கு இரண்டு, ஹைட்ரஜனுக்கு ஒன்று. இது எல்லோருக்கும் தெரியும். இதோடு மூன்று எண்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கார்பன்–கார்பன் ஒற்றைப் பிணைப்பை உடைக்க மோலுக்குச் சுமார் 350 கிலோஜூல் வேண்டும். ஒரு ஹைட்ரஜன் பிணைப்புக்கு 20 கிலோஜூலை ஒட்டி, பல இடங்களில் அதற்கும் குறைவு. அறை வெப்பநிலையில் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும் வெப்ப அசைவின் அளவு சுமார் 2.5 கிலோஜூல்.

இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும். கார்பன்–கார்பன் போல எலக்ட்ரானைப் பகிர்ந்துகொள்ளும் சகப்பிணைப்பை வெப்ப அசைவு ஒன்றும் செய்யாது. தனி ஹைட்ரஜன் பிணைப்போ கணத்துக்குக் கணம் விட்டுப் பிடிக்கும். நூறு சேர்ந்தால்தான் நிற்கும். ஆகவே சங்கிலி என்பது வலுவான பிணைப்புகளின் வேலை, வடிவம் என்பது வலுவற்ற பிணைப்புகளின் வேலை. மடிந்த ஒரு புரதத்துக்கும் குலைந்த அதே புரதத்துக்கும் உள்ள ஆற்றல் வேறுபாடு பெரும்பாலும் மோலுக்கு 20 முதல் 60 கிலோஜூல்தான். ஆயிரக்கணக்கான அணுக்கள் உள்ள ஒரு பொருளின் வடிவம், சில ஹைட்ரஜன் பிணைப்புகளின் மதிப்பில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது.

சங்கிலியே சகப்பிணைப்பால் ஆனது என்பதை ஒருகாலத்தில் வேதியியலாளர்களே ஏற்கவில்லை. சிறு மூலக்கூறுகள் ஒட்டிக்கொண்டு திரண்டிருப்பதைத்தான் பெரியதாகக் காண்கிறோம் என்றார்கள். அப்படியில்லை, இவை உண்மையிலேயே நீளமான ஒற்றை மூலக்கூறுகள் என்று ஹெர்மன் ஸ்டாடிங்கர் 1920-இல் எழுதினார். அதற்கான நோபல் பரிசு 1953-இல்தான் வந்தது.

படி 2: அலகைக் கண்டுபிடியுங்கள், நீரைக் கழியுங்கள்

படத்தில் திரும்பத் திரும்ப வருவது எது என்று பாருங்கள். அதுதான் அலகு, அதாவது மோனோமர். மாவுச்சத்துக்கு குளுக்கோஸ், புரதத்துக்கு அமினோ அமிலம், நியூக்ளிக் அமிலத்துக்கு நியூக்ளியோடைடு. கொழுப்பில் இப்படித் திரும்பி வருகிற அலகு கிடையாது. அது பாலிமரே அல்ல. ஆனாலும் அதை ஏன் இந்தக் கூட்டத்தில் சேர்க்கிறோம் என்பது படி 5-இல் தெரியும்.

இரண்டு அலகுகள் சேரும்போது ஒரு நீர் மூலக்கூறு வெளியேறும். கணக்கு எளிது. குளுக்கோஸின் மூலக்கூறு எடை 180, நீர் 18. சங்கிலிக்குள் உட்கார்ந்த குளுக்கோஸ் ஒவ்வொன்றும் 162. ஆயிரம் குளுக்கோஸ் கொண்ட சங்கிலி 1,62,000-உடன் முனைகளுக்காக ஒரே ஒரு 18. அமினோ அமிலத்துக்குச் சராசரியாக 110 என்று வைத்துக்கொண்டால் போதும். 300 அமினோ அமிலப் புரதம் சுமார் 33,000 டால்டன் என்று மனக்கணக்காகவே சொல்லிவிடலாம். தசையில் இருக்கும் டைட்டின் என்ற புரதத்தில் ஏறக்குறைய 34,000 அமினோ அமிலங்கள். எடையை நீங்களே போட்டுப் பாருங்கள்.

சரி, இங்கே பாடநூல்கள் மெல்லத் தாண்டிப் போகிற ஒரு விஷயம் உண்டு. "நீர் வெளியேறிப் பிணைப்பு உண்டாகிறது" என்று எழுதிவிடுகிறோம். செல்லோ நீரால் நிரம்பியது. நீர் இவ்வளவு சூழ்ந்திருக்கும்போது நீரை வெளியேற்றும் வினை தானாக எப்படி நடக்கும்? நடக்காது. ஆற்றல் கணக்குப்படி எதிர்த்திசை, அதாவது நீர் புகுந்து சங்கிலியை உடைப்பதுதான் இயல்பு. ஆகவே செல் ஒவ்வொரு அலகையும் முதலில் ஆற்றல் ஏற்றிய வடிவத்துக்கு மாற்றிக்கொள்கிறது. குளுக்கோஸ் ஒரு நியூக்ளியோடைடு டைபாஸ்பேட்டோடு சேர்ந்து வருகிறது. அமினோ அமிலம் கடத்து ஆர்.என்.ஏ.வின் முனையில் ஏறி வருகிறது. நியூக்ளியோடைடு மூன்று பாஸ்பேட்டோடு வந்து, இரண்டை உதிர்த்துவிட்டுச் சேர்கிறது. செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி. இந்த இடத்தில் செலவாகிறது.

அப்படியானால் உண்டான சங்கிலி ஏன் உடனே உடைவதில்லை? வழியில் உள்ள ஆற்றல் தடை உயரம் என்பதால். நொதி எதுவும் இல்லாமல் நடுநிலை நீரில் விட்டால், ஒரு பெப்டைடு பிணைப்பு உடைய நூற்றுக்கணக்கான ஆண்டுகள் ஆகும். வெப்ப இயக்கவியல்படி நிலையற்றது, வேகத்தின்படி நிலையானது. உயிருள்ள பொருள் முழுவதும் இந்த இடைவெளியில்தான் பிழைத்திருக்கிறது. எப்போது உடைய வேண்டும் என்பதை நொதியின் கையில் கொடுத்துவிடலாம் அல்லவா?

படி 3: இரண்டு முனைகளுக்கும் பெயர் எழுதுங்கள்

சங்கிலியின் இரு முனைகளும் ஒன்றல்ல. புரதத்துக்கு ஒரு பக்கம் அமினோ முனை, மறுபக்கம் கார்பாக்சில் முனை. நியூக்ளிக் அமிலத்துக்கு 5 பிரைம் முனை, 3 பிரைம் முனை. மாவுச்சத்துக்கு ஒடுக்கும் முனை, ஒடுக்காத முனை. படத்தில் முதல் வேலையாக இவற்றைக் குறித்துவிடுங்கள். கிளைசின்–அலனின் வேறு, அலனின்–கிளைசின் வேறு. அணுக்கள் அதேதான், எண்ணிக்கை அதேதான். ஆனால் இரண்டும் வெவ்வேறு சேர்மங்கள்.

திசை இருப்பதால்தான் வரிசைக்குப் பொருள் வருகிறது. 20 வகை அமினோ அமிலங்களைக் கொண்டு 100 நீளச் சங்கிலி கட்டினால், சாத்தியமான வரிசைகளின் எண்ணிக்கை 1-க்குப் பின்னால் 130 பூஜ்யங்களை எட்டும். ஒரு புரதத்துக்குக் குறிப்பிட்ட ஒரே வரிசைதான் உண்டு என்பதை பிரெடரிக் சாங்கர் 51 அமினோ அமிலங்கள் கொண்ட இன்சுலினை வைத்து 1950-களில் நிறுவினார்.

படி 4: பிணைப்பு எந்தப் பக்கம் நோக்குகிறது?

அவசரப்படாமல் நிற்க வேண்டிய இடம் இது. குளுக்கோஸ் வளையத்தை வழக்கம்போல் அறுகோணமாக வரையுங்கள். வளைய ஆக்சிஜன் பின்பக்கம் வலது மூலையில். அதற்கு அடுத்து வலப்பக்கக் கோடியில் முதல் கார்பன். இடப்பக்கக் கோடியில் நான்காம் கார்பன். ஆறாம் கார்பன் வளையத்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். முதல் கார்பனின் ஹைட்ராக்சில் கீழே நோக்கினால் அது ஆல்பா, மேலே நோக்கினால் பீட்டா. நான்காம் கார்பனின் ஹைட்ராக்சில் எப்போதும் கீழே.

இப்போது இரண்டு ஆல்பா குளுக்கோஸைப் பக்கத்தில் வைத்து முதல் கார்பனையும் அடுத்ததன் நான்காம் கார்பனையும் ஓர் ஆக்சிஜனால் இணையுங்கள். இரண்டும் கீழேதான் நோக்குகின்றன, இணைப்பு எளிதாக விழும். ஆனால் உண்மையான வளையம் தட்டை அல்ல, நாற்காலி வடிவம். அதில் ஆல்பாப் பிணைப்பு வளையத்திலிருந்து செங்குத்தாகக் கிளம்புகிறது. அதனால் ஒவ்வொரு இணைப்பிலும் சங்கிலி சற்று வளையும். வளைந்து வளைந்து, சுற்றுக்கு ஏறக்குறைய ஆறு குளுக்கோஸ் கொண்ட ஒரு சுருளாகும். இதுதான் அமைலோஸ். அயோடினை விட்டால் அது சுருளின் உட்குழாயில் வரிசையாகப் போய் உட்காரும், கரைசல் கருநீலமாகும். பள்ளி ஆய்வகத்தில் எல்லோரும் பார்த்த நிறம்தான், காரணம் இந்த வளைவு.

இனி பீட்டாவை எடுங்கள். முதல் கார்பனின் ஹைட்ராக்சில் மேலே, அடுத்ததன் நான்காம் கார்பனுடையது கீழே. தாளில் இணைத்துப் பாருங்கள், ஒட்டாது. இரண்டாவது வளையத்தை 180 டிகிரி புரட்டிப் போட்டால்தான் ஒட்டும். மூன்றாவதை மறுபடி புரட்ட வேண்டும். இப்படி மாற்றி மாற்றிப் புரண்டு போகும் சங்கிலி வளையாது, கோடு கிழித்ததுபோல் நேராக நீளும். ஒரு வளையத்தின் மூன்றாம் ஹைட்ராக்சில் பக்கத்து வளையத்தின் ஆக்சிஜனோடு ஹைட்ரஜன் பிணைப்புப் போட்டுக்கொண்டு அந்த நேரான நிலையை இன்னும் இறுக்கும். நேரான சங்கிலிகள் பக்கம் பக்கமாக நெருங்கித் தகடாகும். தகடுகள் அடுக்கி இழையாகும். நீருக்கு உள்ளே நுழைய இடமே இல்லை. செல்லுலோஸ் தயார்.

அலகு ஒன்றே, எடை ஒன்றே, பிணையும் கார்பன்களின் எண்கூட ஒன்றே. ஓர் ஆக்சிஜன் மேலே நோக்கியதா கீழே நோக்கியதா என்பதுதான் வித்தியாசம். ஒன்று செரிக்கும் மாவு, மற்றது மரத்தைத் தாங்கி நிற்கும் கட்டை. நம் எச்சிலில் உள்ள அமைலேஸ் நொதி ஆல்பாப் பிணைப்பின் வளைவுக்கு ஏற்ற பள்ளம் கொண்டது. நேர்ச்சங்கிலி அதில் பொருந்தாது. மாடு புல்லைச் செரிப்பதும் தன் சொந்த நொதியால் அல்ல, வயிற்றில் குடியிருக்கும் நுண்ணுயிரிகளின் தயவால்.

செல்லுலோஸின் இரண்டாம் கார்பனில் ஹைட்ராக்சிலை எடுத்துவிட்டு அசிட்டமைடு குழுவை வையுங்கள். பூச்சியின் ஓட்டில் இருக்கும் கைட்டின் கிடைத்துவிடும். பிணைப்பு அதே பீட்டா, ஆகவே அதே நேர்ச்சங்கிலி, அதே உறுதி. புதிதாக எதையும் மனப்பாடம் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள்.

கிளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. கிளைக்கோஜனில் 8 முதல் 12 அலகுக்கு ஒருமுறை ஆறாம் கார்பனிலிருந்து கிளை பிரியும். தாவரத்தின் அமைலோபெக்டினில் 24 முதல் 30-க்கு ஒருமுறை. கிளை கூடினால் முனை கூடும், முனை கூடினால் பல நொதிகள் ஒரே நேரத்தில் குளுக்கோஸைக் கழற்றலாம். ஓடித்தப்ப வேண்டிய விலங்குக்கு அந்த வேகம் தேவை. குளுக்கோஸைச் சங்கிலியாக்காமல் அப்படியே சேமித்தால் என்ன என்று கேட்கலாம். கல்லீரல் செல்லில் உள்ள கிளைக்கோஜன் முழுவதும் தனித்தனி குளுக்கோஸாக இருந்தால் செறிவு சுமார் 0.4 மோலார். அந்தச் சவ்வூடு பரவல் அழுத்தத்தில் நீர் உள்ளே பாய்ந்து செல் வெடித்துவிடும்.

படி 5: நீரிடம் கேளுங்கள்

எந்த மூலக்கூறு படத்திலும் வரையப்படாத ஒன்று இருக்கிறது, அதைச் சூழ்ந்துள்ள நீர். வடிவத்தை முடிவுசெய்வதில் அதன் பங்குதான் பெரிது. படத்தில் முனைவுள்ள குழுக்களை, அதாவது ஆக்சிஜன், நைட்ரஜன், மின்சுமை உள்ள இடங்களை ஒரு நிறத்தில் வட்டமிடுங்கள். வெறும் கார்பன்–ஹைட்ரஜன் பகுதிகளை வேறு நிறத்தில். முதலாவது நீரோடு ஒத்துப்போகும், இரண்டாவது போகாது.

ஏன் ஒத்துப்போகாது என்பதில் பலருக்குத் தவறான எண்ணம் உண்டு. எண்ணெயும் நீரும் ஒன்றையொன்று தள்ளுவதில்லை. ஹைட்ரோகார்பனைச் சுற்றியிருக்கும் நீர், தன் ஹைட்ரஜன் பிணைப்புகளைக் காப்பாற்றிக்கொள்ள ஒழுங்காக அணிவகுத்து நிற்க வேண்டியிருக்கிறது. அது என்ட்ரோபிக்கு, அதாவது ஒழுங்கின்மையின் அளவுக்கு, இழப்பு. ஹைட்ரோகார்பன்கள் ஒன்றாகத் திரண்டால் நீரைத் தொடும் பரப்பு குறையும், அணிவகுத்த நீருக்கு விடுதலை கிடைக்கும். ஆகவே திரளச்செய்வது அவற்றுக்கிடையே உள்ள பாசமல்ல, நீரின் சுதந்திரம். இதைத்தான் நீர்வெறுப்பு விளைவு என்கிறோம்.

கொழுப்புகளை இந்தக் கூட்டத்தில் சேர்ப்பது இதற்காகத்தான். பாஸ்போலிப்பிடு ஒன்றை எடுத்தால் தலையில் பாஸ்பேட், பின்னால் இரண்டு கொழுப்பு அமில வால்கள். நீரில் விட்டால் வால்கள் உள்ளே, தலைகள் வெளியே என்று சுமார் 5 நானோமீட்டர் தடிப்புள்ள இரட்டை அடுக்கு தானாகவே அமையும். ஒரு மூலக்கூறுக்கும் பக்கத்து மூலக்கூறுக்கும் இடையே ஒரு சகப்பிணைப்பும் கிடையாது. பாலிமர் அல்ல, ஆனால் பாலிமருக்குச் சமமான பெரிய அமைப்பு.

வால்களின் வடிவத்திலும் படி 4-இன் கேள்வியையே கேளுங்கள். 18 கார்பன் கொண்ட ஸ்டியரிக் அமிலம் நேர்வால், நெருக்கமாக அடுக்கிக்கொள்ளும், உருகுநிலை சுமார் 69 டிகிரி செல்சியஸ். அதே 18 கார்பன், நடுவில் ஒரே ஒரு சிஸ் இரட்டைப் பிணைப்பு வைத்தால் ஒலியிக் அமிலம். வால் முறுகிவிடும், அடுக்க முடியாது. உருகுநிலை சுமார் 13 டிகிரி. குளிர்ந்த நீரில் வாழும் மீன்கள் தங்கள் சவ்வில் இரட்டைப் பிணைப்புகளைக் கூட்டிக்கொள்வது சவ்வு உறைந்து இறுகாமல் இருக்கத்தான்.

படி 6: எது சுழலும், எது சுழலாது?

புரதத்துக்கு வருவோம். பெப்டைடு பிணைப்பை வரையுங்கள்: கார்பன், அதன் மேல் இரட்டைப் பிணைப்பில் ஆக்சிஜன், பக்கத்தில் நைட்ரஜன், அதில் ஒரு ஹைட்ரஜன். தாளில் கார்பன்–நைட்ரஜன் இணைப்பு ஒற்றைக் கோடு. ஒற்றைப் பிணைப்பு என்றால் சுழல வேண்டும். ஆனால் அளந்து பார்த்தால் அதன் நீளம் 0.133 நானோமீட்டர். சாதாரண கார்பன்–நைட்ரஜன் ஒற்றைப் பிணைப்பு 0.147. நைட்ரஜனின் தனி எலக்ட்ரான் இணை ஆக்சிஜன் பக்கம் பரவி, பிணைப்புக்குப் பாதி இரட்டைத் தன்மை தந்துவிடுகிறது. விளைவு: சுழற்சி இல்லை, ஆறு அணுக்கள் ஒரே தளத்தில் விறைத்து நிற்கும்.

இந்தச் சிறிய விஷயத்தை விட்டால் என்ன ஆகும் என்பதற்கு வரலாற்றில் சான்று இருக்கிறது. 1950-இல் கேம்பிரிட்ஜில் பிராக், கென்ட்ரூ, பெரூட்ஸ் மூவரும் புரதச் சங்கிலி எப்படியெல்லாம் சுருளலாம் என்று ஒரு பட்டியல் போட்டார்கள். படிகவியலில் அவர்களுக்கு மிஞ்சியவர்கள் இல்லை. ஆனால் பெப்டைடு தளம் சுழலாது என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை. சுற்றுக்கு முழு எண்ணாகத்தான் அலகுகள் இருக்கும் என்றும் நினைத்தார்கள். மறு ஆண்டே லைனஸ் பாலிங், கோரி, பிரான்சன் மூவரும் தளத்தை விறைப்பாக வைத்துச் சுருட்டிப் பார்த்து ஆல்பாச் சுருளை வெளியிட்டார்கள். சுற்றுக்கு 3.6 அமினோ அமிலம், ஒரு சுற்றின் உயரம் 0.54 நானோமீட்டர். ஒவ்வொரு ஆக்சிஜனும் நான்கு அலகு தள்ளியுள்ள நைட்ரஜனின் ஹைட்ரஜனோடு பிணையும். பக்கச்சங்கிலிகள், அதாவது அமினோ அமிலத்துக்கு அமினோ அமிலம் மாறுபடும் பகுதிகள், எல்லாம் வெளிப்புறம் நோக்கும்.

தளம் சுழலாது என்றால் மிச்சம் இருப்பது பக்கச்சங்கிலியைத் தாங்கும் ஆல்பா கார்பனின் இரு பக்கத்துப் பிணைப்புகள்தான். அவற்றின் கோணங்களுக்கு ஃபை, சை என்று பெயர். இவையும் நினைத்தபடி சுழல முடியாது. பல கோணங்களில் அணுக்கள் ஒன்றின்மேல் ஒன்று மோதும். எந்தக் கோணங்கள் சாத்தியம் என்று 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் கணக்கிட்டுப் படம் போட்டார்கள். ஃபை ஒரு அச்சு, சை மறு அச்சு. படத்தின் பெரும்பகுதி காலி. ஆல்பாச் சுருளுக்கு ஒரு தீவு, பீட்டாத் தகட்டுக்கு ஒரு தீவு, ஓரத்தில் சிறியதாக இன்னொன்று. இன்றைக்கும் புதிதாக ஒரு புரத அமைப்பை வெளியிடுகிறவர் அது சரியா என்று காட்ட ராமச்சந்திரன் வரைபடத்தைத்தான் இணைக்கிறார். அணு மோதலை மட்டும் வைத்துப் போட்ட எளிய கணக்கு இவ்வளவு காலம் நிற்பது எனக்கு இன்னும் வியப்புதான்.

கிளைசினையும் புரோலினையும் விதிவிலக்குகளாகக் குறித்துக்கொள்ளுங்கள். கிளைசினுக்குப் பக்கச்சங்கிலி வெறும் ஹைட்ரஜன். மோத எதுவும் இல்லாததால் எங்கும் வளையும். புரோலினின் பக்கச்சங்கிலி திரும்பி வந்து நைட்ரஜனையே பிடித்து வளையமாகிவிடுகிறது, ஃபை பூட்டிக்கொள்ளும். திருப்பங்களில் இந்த இரண்டையும்தான் அடிக்கடி பார்ப்பீர்கள்.

படி 7: பக்கச்சங்கிலிகளைப் பிரித்து எழுதுங்கள்

இருபது அமினோ அமிலங்களின் அமைப்பையும் ஒரே நாளில் கற்க வேண்டாம். முதலில் நீர் பார்வையில் பிரியுங்கள். வேலின், லியூசின், ஐசோலியூசின், பினைல்அலனின் போன்றவை நீரை விட்டு உள்ளே ஒளியும். அஸ்பார்டேட், குளுட்டமேட் எதிர்மின்சுமை கொண்டவை. லைசின், ஆர்ஜினின் நேர்மின்சுமை கொண்டவை. இந்த நான்கும் பெரும்பாலும் மேற்பரப்பில் இருக்கும். சிஸ்டீன் இன்னொரு சிஸ்டீனோடு டைசல்பைடு பாலம், அதாவது கந்தகம்–கந்தகப் பிணைப்பு, போடும். ஹிஸ்டிடினின் சமநிலைப் புள்ளி பி.ஹெச். 6-ஐ ஒட்டியது, செல்லின் நடுநிலைக்குப் பக்கத்தில் இருப்பதால் புரோட்டானை வாங்கவும் கொடுக்கவும் அதற்கு எளிது. நொதிகளின் வினை மையத்தில் ஹிஸ்டிடின் அடிக்கடி தென்படுவதன் காரணம் அதுதான்.

இந்த வரிசையே வடிவத்தைத் தீர்மானிக்கப் போதுமா? கிறிஸ்டியன் அன்ஃபின்சன் 124 அமினோ அமிலம் கொண்ட ரைபோநியூக்ளியேஸ் நொதியை யூரியாவில் போட்டுக் குலைத்தார். நான்கு டைசல்பைடு பாலங்களையும் அறுத்தார். நொதி செத்தது. பிறகு யூரியாவையும் பாலத்தை அறுத்த வேதிப்பொருளையும் நீக்கினார். நொதி தானாக மடிந்து, வேலையும் செய்தது. எட்டு சிஸ்டீன்கள் நான்கு ஜோடிகளாகச் சேர 105 வழிகள் உண்டு. அது சரியான ஒன்றையே தேர்ந்தெடுத்தது. யூரியா இருக்கும்போதே பாலங்களைப் போடவிட்டால் தாறுமாறாகப் போட்டுக்கொண்டு, ஏறத்தாழ ஒரு சதவீதச் செயல்திறன்தான் திரும்பியது. ஆக, பாலம் வடிவத்தை உண்டாக்கவில்லை. நீர்வெறுப்பும் ஹைட்ரஜன் பிணைப்பும் உண்டாக்கிய வடிவத்தைப் பாலம் பூட்டுகிறது. 1972-இல் அவருக்கு நோபல்.

அப்புறம், ஒரே பக்கச்சங்கிலி மாறினால் என்ன நடக்கும் என்று பார்க்க ஹீமோகுளோபினை எடுங்கள். நான்கு சங்கிலிகளிலுமாக 574 அமினோ அமிலங்கள். கதிர் அரிவாள் சோகையில் இரண்டு பீட்டாச் சங்கிலிகளிலும் ஆறாம் இடத்தில் குளுட்டமேட்டுக்குப் பதில் வேலின். அதாவது 574-இல் இரண்டு. இப்போது மேலே சொன்ன பட்டியலைப் பயன்படுத்துங்கள். மேற்பரப்பில் மின்சுமையோடு நீரைத் தொட்டுக்கொண்டிருந்த இடத்தில் நீர்வெறுக்கும் ஒன்று வந்துவிட்டது. அது ஒளிய இடம் தேடும். ஆக்சிஜனை விட்ட நிலையில் பக்கத்து ஹீமோகுளோபினில் அதற்கேற்ற ஒரு பள்ளம் திறந்திருக்கும். அதில் போய்ப் பொருந்தும். அதன் வேலின் அடுத்ததில் பொருந்தும். நீண்ட இழைகளாகி, சிவப்பணுவையே வளைத்துவிடும். இது ஒரு மூலக்கூறின் நோய் என்று பாலிங்கின் குழு 1949-இல் சொன்னது. எந்த அமினோ அமிலம் என்பதை வெர்னான் இங்ரம் சில ஆண்டுகளில் கண்டார்.

படி 8: மின்சுமையைக் கூட்டிப் பாருங்கள்

பி.ஹெச். 7-இல் ஒவ்வொரு குழுவும் என்ன மின்சுமையில் இருக்கும் என்று எழுதிக் கூட்டுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் விடக்கூடாது. ஆல்பாச் சுருளைத் தந்த அதே பாலிங் 1953 பிப்ரவரியில் டி.என்.ஏ.வுக்கு ஒரு மாதிரி வெளியிட்டார்: மூன்று இழைகள், பாஸ்பேட்டுகள் நடுவில், காரங்கள் (அடினின், தைமின், குவானின், சைட்டோசின்) வெளியே. பாஸ்பேட்டுகளில் ஹைட்ரஜன் இருப்பதாகவும் அவை ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதாகவும் வைத்திருந்தார். ஆனால் பாஸ்பேட் வலுவான அமிலம், செல்லின் பி.ஹெச்.சில் ஹைட்ரஜனை இழந்து எதிர்மின்சுமையோடுதான் நிற்கும். அத்தனை எதிர்மின்சுமைகளை நடுவில் திணித்தால் சிதறிப்போகும். பாஸ்பேட்டுகள் வெளியேதான் என்று ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் தன் எக்ஸ்-கதிர்ப் படங்களைக் கொண்டு சொல்லிக்கொண்டிருந்தார். ஏப்ரலில் வாட்சன், கிரிக் வெளியிட்ட மாதிரியில் அவை வெளியேதான் இருந்தன.

அந்த அமைப்பை இப்போது நம் கேள்விகளாலேயே படிக்கலாம். அலகு: சர்க்கரை, பாஸ்பேட், காரம். திசை: இரண்டு இழைகளும் எதிரெதிர். நீர்: தட்டையான காரங்கள் உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாக 0.34 நானோமீட்டர் இடைவெளியில் அடுக்கும். மின்சுமை: பாஸ்பேட் வெளியே. அகலம் 2 நானோமீட்டர், சுற்றுக்குச் சுமார் 10.5 ஜோடி. பெரிய காரம் ஒன்று சிறிய காரம் ஒன்றோடுதான் சேரும், ஆகவே அகலம் எங்கும் ஒன்றே. அடினினுக்கும் தைமினுக்கும் இரண்டு ஹைட்ரஜன் பிணைப்பு, குவானினுக்கும் சைட்டோசினுக்கும் மூன்று. இழைகளைச் சேர்த்து வைப்பது இந்த ஹைட்ரஜன் பிணைப்புகள் என்றுதான் பொதுவாக எழுதுவார்கள். அவற்றின் முக்கிய வேலை யாருக்கு யார் ஜோடி என்று தேர்ந்தெடுப்பது. உறுதியின் பெரும்பங்கு காரங்கள் அடுக்கிக்கொள்வதிலிருந்து வருகிறது. பிரிந்த காரங்களோடு ஹைட்ரஜன் பிணைப்புப் போட நீரும்தான் தயாராக இருக்கிறதே.

ஆர்.என்.ஏ.வில் சர்க்கரையின் இரண்டாம் கார்பனில் ஒரு ஹைட்ராக்சில் அதிகம். அது பக்கத்து பாஸ்பேட்டைத் தாக்கித் தன் சங்கிலியைத் தானே அறுக்கும். காரக் கரைசலில் ஆர்.என்.ஏ. விரைவாகக் கரைந்துபோவது இதனால்தான். டி.என்.ஏ.வில் அந்த ஹைட்ராக்சில் இல்லை, அதனால் காலம் தாண்டி நிற்கிறது. டி.என்.ஏ.வில் யுராசிலுக்குப் பதில் தைமின் இருப்பதற்கும் வேதியியல் காரணம் உண்டு. சைட்டோசின் அவ்வப்போது அமினோ குழுவை இழந்து யுராசிலாகிவிடும். தைமின் வழக்கமாக இருந்தால், கண்ணில் பட்ட யுராசில் எல்லாம் பழுது என்று செல் அடையாளம் கண்டு சரிசெய்யலாம்.

மனித செல் ஒன்றில் டி.என்.ஏ.வின் மொத்த நீளம் சுமார் 2 மீட்டர். இவ்வளவு எதிர்மின்சுமையை எப்படிச் சுருட்டுவது? லைசினும் ஆர்ஜினினும் நிறைந்த ஹிஸ்டோன் புரதங்கள் எட்டைச் சேர்த்து, அதைச் சுற்றி 147 ஜோடிகள் வீதம் சுற்றுகிறது செல். மின்சுமைக் கூட்டல் இங்கேயும்.

படி 9: கணினியில் திறந்து பாருங்கள்

1971-இல் தொடங்கிய புரதத் தரவு வங்கியில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட அமைப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன. மயோகுளோபினில் தொடங்குங்கள், அணு அளவில் முதலில் தெரிந்த புரதம் அதுதான். நாடா வடிவில் சுருள்களைப் பார்த்த பிறகு, பக்கச்சங்கிலிகளை நீர்வெறுப்பின்படி நிறமிட்டு நடுவில் வெட்டிப் பாருங்கள். படி 5 கண்ணெதிரே தெரியும். பகுதிறன் என்ற எண்ணைப் பார்க்காமல் எதையும் நம்ப வேண்டாம்: 2 ஆங்ஸ்ட்ராம் என்றால் பக்கச்சங்கிலிகள் தெளிவு, 4 என்றால் முதுகெலும்பின் போக்குதான் தெரியும், மற்றவை பெரும்பாலும் ஊகம். ஆல்ஃபாஃபோல்டு என்ற செயற்கை நுண்ணறிவு நிரல் கணித்த அமைப்புகளில் ஒவ்வொரு பகுதிக்கும் நம்பகத்தன்மை மதிப்பெண் இருக்கும். 50-க்குக் கீழே போன பகுதியை வடிவமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

படி 10: ஒன்றை முழுதாகச் செய்து பாருங்கள்: கொலாஜன்

எலும்பிலும் தோலிலும் தசைநாணிலும் இருக்கும் புரதம். வரிசையைத் திறந்தால் மூன்றுக்கு ஒன்று கிளைசின், தவறாமல். நடுவே நிறையப் புரோலின், ஹைட்ராக்சிபுரோலின். படி 6 உடனே பேசத் தொடங்கும்: புரோலினால் ஃபை பூட்டிக்கொள்ளும், ஆல்பாச் சுருள் சாத்தியமில்லை. சங்கிலி இடப்பக்கமாக, நீட்டி இழுத்த ஒரு சுருளாகும். மூன்று சங்கிலிகள் சேர்ந்து வலப்பக்கமாக முறுக்கிக்கொள்ளும். இந்த முச்சுருள் அமைப்பையும் 1954-இல் முதலில் முன்வைத்தது ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும்தான்.

மூன்றுக்கு ஒன்று கிளைசின் ஏன்? முறுக்கின் நடுவில் வரும் இடம் ஒரு ஹைட்ரஜனுக்குத்தான் போதும். வேறெந்தப் பக்கச்சங்கிலியும் நுழையாது. கிளைசினின் நைட்ரஜன் பக்கத்துச் சங்கிலியின் ஆக்சிஜனோடு ஹைட்ரஜன் பிணைப்புப் போட்டு மூன்றையும் கட்டும். சுமார் 1,000 அமினோ அமில நீளம், 300 நானோமீட்டர், 1.5 நானோமீட்டர் தடிப்பு.

ஹைட்ராக்சிபுரோலின் மரபுக் குறியீட்டில் கிடையாது. சங்கிலி கட்டிய பிறகு ஒரு நொதி புரோலினில் ஹைட்ராக்சிலைச் சேர்க்கிறது. அந்த நொதியின் இரும்பு அயனியைச் சரியான நிலையில் வைத்திருக்க வைட்டமின் சி வேண்டும். ஹைட்ராக்சில் ஏறாத கொலாஜனின் முச்சுருள் 24 டிகிரியை ஒட்டியே பிரிந்துவிடும். உடலின் வெப்பமோ 37. ஸ்கர்வி நோயில் ஈறு கசிவதும் பழைய காயம் திறப்பதும் இந்தச் சில டிகிரிகளின் கணக்கு.

கடைசியாக, ஒரு கிளைசின் இருந்த இடத்தில் வேறொன்று வந்தால்? நடுவில் இடமில்லை, முறுக்கு அங்கே தடுமாறும். இங்கே படி 3-க்குத் திரும்புங்கள். முச்சுருள் முறுக்கிக்கொள்வது கார்பாக்சில் முனையில் தொடங்கி அமினோ முனை நோக்கிப் போகிறது. தடுமாறிய இடத்துக்கு அப்பால் உள்ள பகுதி முறுக்கிக்கொள்ளாமல் அதிக நேரம் காத்திருக்கும். அதற்குள் நொதிகள் அளவுக்கு மீறி ஹைட்ராக்சிலும் சர்க்கரையும் ஏற்றிவிடும். எளிதில் முறியும் எலும்புகளோடு குழந்தை பிறக்கும் நோயில், கொலாஜனைப் பிரித்துப் பார்க்கும் ஆய்வாளர்கள் எந்தப் பக்கம் இந்த அதிகப்படி ஏறியிருக்கிறது என்பதை வைத்தே, பழுதான கிளைசின் சங்கிலியின் எந்தப் பகுதியில் இருக்கக்கூடும் என்று தேடத் தொடங்கலாம்.